சுமக்கிறவரைக் கேட்டோமா?

தை பிறந்தால் எங்கள் ராஜகுளத்துக்கு ஒரு பெரிய விருந்தாளி வருவார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள்! சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி, வழியெல்லாம் நின்று நின்று ஜனங்களைப் பார்த்துக்கொண்டு, எங்கள் ஊர்க் குளத்தில் தெப்பம் ஏறுவார். அன்றைக்கு ஊரே வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருக்கும்.

சின்ன வயதில் எனக்கு அந்தச் சாமி சரியாகத் தெரிந்ததே இல்லை. கூட்டத்துக்கு நடுவில் என் உயரத்துக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள்தான். சாமியைத் தூக்கி வருகிறவர்களின் கால்கள். ஸ்ரீபாதம் தாங்கிகள் என்று மரியாதையாகச் சொல்வார்கள். எல்லாக் கால்களும் ஒரே தாளத்தில் அடி வைக்கும். ஒருவர் தோள் ஓய்ந்தால், இன்னொருவர் சத்தமில்லாமல் உள்ளே நுழைந்து தண்டை வாங்கிக்கொள்வார். மேலே இருப்பவருக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியாது.

"சாமியைப் பார்த்தியாடா?" என்று பாட்டி கேட்பாள். "பார்த்தேன்" என்று பொய் சொல்வேன். கால்களைப் பார்த்தேன் என்று சொன்னால் யார் மதிப்பார்கள்?

இந்த வாரம் கால்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன். உங்கள் உடம்புக்குள் இந்த நொடியில் நடந்துகொண்டிருக்கிற கோடானுகோடிக் கால்களையும் சேர்த்து. பயந்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் பி.காம். படித்தவன். எனக்கே புரிந்த விஞ்ஞானம் உங்களுக்குப் புரியாமல் போகாது.

முதலில் ஒரு டீக்கடைக்குப் போக வேண்டும்.

வருடம் 2000. எனக்கு 22 வயது. டிகிரி முடித்துவிட்டு, உலகத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த காலம். ஊரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே என் பள்ளித் தோழனின் அப்பா போகிறார். ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். 75 கிலோ நெல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகையில் ஏறுவார் பாருங்கள், ஏதோ தலையணை தூக்குகிற மாதிரி இருக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே கால் இரண்டும் விறைக்க ஆரம்பித்துவிட்டது. முட்டி மடங்காது. பாதத்தைத் தரையில் இழுத்து இழுத்து நடப்பார். அவர் செருப்பில் முன்பக்கம் மட்டும் தேய்ந்து ஓட்டையாக இருக்கும்.

ஊர் சும்மா இருக்குமா? காரணம் கண்டுபிடித்துவிட்டது. அம்மன் கோயில் பக்கத்தில் இருந்த வேப்ப மரத்தை அவர் ஒருமுறை வெட்டினாராம். ஆத்தா காலைப் பிடித்துவிட்டாளாம். மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள், கிடா வெட்டினார்கள். கால் விறைத்தது விறைத்ததுதான்.

அன்றைக்கு டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, உலகம் தெரிந்த நான் சொன்னேன்: "யார் செஞ்ச பாவமோ... புள்ளைங்க தலையில விடியாம இருந்தா சரி."

திரும்பிப் பார்த்தால், பின்னால் என் தோழன் நின்றுகொண்டிருந்தான். ஒன்றும் சொல்லவில்லை. பார்சல் டீயை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

பதினோரு வருடம் கழித்து, அவன் செருப்பும் முன்பக்கம் தேய ஆரம்பித்தது.

*

சென்னையில் ஒரு நரம்பியல் டாக்டர்தான் நோய்க்குப் பெயர் சொன்னார். பரம்பரை ஸ்பாஸ்டிக் பாராப்ளீஜியா. கால் விறைப்பு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் பல வகை உண்டு. இவனுக்கு எந்த வகை என்று தெரிந்துகொள்ள ரத்தத்தை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார்கள். 2022ல் ரிப்போர்ட் வந்தது. "நீதான் பத்திரிகைக்காரனாச்சே, நாலு பேரைத் தெரியும். இன்னா எழுதியிருக்குதுன்னு கேட்டுச் சொல்லுடா" என்று எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினான்.

அந்த ரிப்போர்ட்டில்தான் முதல்முறையாக அந்தப் பெயரைப் பார்த்தேன். கைனசின்.

நாலு பேரைக் கேட்டு, நாலு புத்தகம் படித்து, எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

நம் உடம்பின் ஒவ்வொரு செல்லும் ஒரு ஊர் மாதிரி. ஒரு மூலையில் பொருள் தயாராகும், இன்னொரு மூலையில் அது தேவைப்படும். சின்ன செல் என்றால் பரவாயில்லை, தெருமுனைக் கடை மாதிரி. ஆனால் நரம்பு செல்கள் இருக்கிறதே, அவை நீ...ளமானவை. மூளையில் தொடங்கி முதுகுத்தண்டுக்குள் இறங்கி, காலை அசைக்க உத்தரவு கொண்டுபோகிற நரம்பிழை அரை மீட்டருக்கும் மேலே. அதன் கடைசி முனைக்குத் தேவையான சரக்கெல்லாம் மேலே மூளையில்தான் பெரும்பாலும் தயாராகிறது. அது தானாக மிதந்து போய்ச் சேர வேண்டுமென்றால் ஆயுசு போதாது. அதனால் உள்ளே ரோடு போட்டிருக்கிறது. நுண்குழாய் என்று பெயர். அந்த ரோட்டில் சரக்கைத் தூக்கிக்கொண்டு நடக்கிற கூலியாள்தான் கைனசின்.

நடக்கிற என்று சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நடக்கிறது! கைனசின் ஒரு புரதம். அதற்கு இரண்டு பாதம் மாதிரி இரண்டு உறுப்பு. ஒன்றை ஊன்றி மற்றதை முன்னால் வைக்கும், நம்மைப் போலவே. ஒரு அடிக்கு 8 நானோமீட்டர். நம் தலைமுடியின் அகலத்தைக் கடக்கவே கிட்டத்தட்ட பத்தாயிரம் அடி வைக்க வேண்டும். ஆனாலும் சளைக்காது. நொடிக்குச் சுமார் 100 அடி! அரை மீட்டர் நரம்பைக் கடக்க ஆறு கோடிக்கு மேல் அடி. நிற்காமல் நடந்தால் ஏறக்குறைய ஒரு வாரம்.

1985ல் அமெரிக்காவில் உட்ஸ் ஹோல் என்கிற கடலோர ஆராய்ச்சி ஊரில் ரொனால்ட் வேல், மைக்கேல் ஷீட்ஸ், தாமஸ் ரீஸ் என்ற மூவர் இதைக் கண்டுபிடித்தார்கள். எதிலிருந்து தெரியுமா? கணவாய் மீனின் நரம்பிலிருந்து. நம்ம ஊர்க் கடற்கரையில் வறுத்துத் தருகிறார்களே, அந்த வகையறாதான். அதன் நரம்பு தடிமனாக இருக்கும், பார்ப்பதற்கு வசதி. வேல், ஷீட்ஸ் இருவருக்கும், தசையில் இழுக்கிற இன்னொரு மோட்டார் புரதத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்பூடிச்சுக்குமாக 2012ல் லாஸ்கர் விருது கொடுத்தார்கள்.

பி.காம். புத்திக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கூலிக் கணக்கு. கைனசின் ஒரு அடி வைக்க ஏ.டி.பி. என்கிற சக்தி நாணயம் ஒன்றைச் செலவு செய்கிறது. ஒரு அடிக்கு ஒரு காசு. அட்வான்ஸ் கிடையாது, பாக்கி கிடையாது. நாம் சாப்பிடுகிற சோறும் இழுக்கிற மூச்சும் சேர்ந்துதான் அந்தக் காசை அடித்துக் கொடுக்கின்றன.

இன்னொன்று. ஒரு கைனசின் முழு தூரமும் தூக்கிப் போவதில்லை. நூறு அடியோ அதற்குக் கொஞ்சம் கூடவோ வைத்தால் ரோட்டிலிருந்து பிடி விட்டுவிடும். அதே சரக்கில் கை வைத்திருக்கிற இன்னொன்று அப்போது ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஊர்த் தெப்பத்தன்று தோள் மாற்றுகிறார்களே, அச்சு அசல் அதேதான்.

கைனசின் போவது ஒரு திசை. மையத்திலிருந்து ஓரத்துக்கு. திரும்பி வருகிற சரக்கைத் தூக்க வேறொரு ஆள் இருக்கிறது. டைனீன். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக் என்ற விஞ்ஞானி இந்த டைனீன்களைப் பற்றி அருமையான ஆராய்ச்சி செய்தார். தனியாகப் பார்த்தால் டைனீன் ஒரு நோஞ்சான். கைனசினோடு ஒத்தைக்கு ஒத்தை இழுத்தால் தோற்றுவிடும். ஆனால் கூட்டமாக இழுக்கும்போது கதை மாறிவிடுகிறது. சுமை கூடினால், முன்னால் போகிற டைனீன் தன் அடியைச் சுருக்கிக்கொள்கிறது. அதற்குள் பின்னால் வருவது எட்டிப் பிடித்துவிடுகிறது. எல்லாம் நெருங்கி நின்று சுமையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2013ல் அவரும் அவர் மாணவர்களும் வெளியிட்ட ஆய்வு இது. 2018ல் அவருக்கு இன்ஃபோசிஸ் பரிசு கிடைத்தது. முன்னால் போகிறவன் அடியைச் சுருக்கிக்கொண்டால்தான் பின்னால் வருகிறவனால் சுமையைப் பங்கு கேட்க முடியும்! இதைப் படித்தபோது எனக்குச் சில முதலாளிகள் ஞாபகம் வந்தது. அது இன்னொரு வாரம்.

*

சரி, என் தோழனுக்கு என்ன ஆயிற்று?

மனிதர்களுக்கு 45 வகை கைனசின் உண்டு. அதில் நரம்புகளில் வேலை பார்க்கிற ஒன்றின் பெயர் கே.ஐ.எஃப். 5ஏ. ஆயிரத்துச் சொச்சம் மணிகளைக் கோத்த மாலை மாதிரி ஒரு புரதம். அதைக் கோக்கும் செய்முறை நம் மரபணுவில் எழுத்து எழுத்தாக இருக்கிறது. அதில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போனால், மாலையில் ஒரு மணி மாறிவிடும். முக்கியமான இடத்தில் மாறினால் நடை போச்சு. இந்த மரபணுவில் வருகிற கோளாறு கால் விறைப்பு நோயைக் கொண்டுவரும் என்று 2002ல் கண்டுபிடித்தார்கள். நான் டீக்கடையில் தீர்ப்பு சொல்லி இரண்டு வருடம் கழித்து!

கால் மட்டும் ஏன்? தூரம்தான் காரணம். கைக்குப் போகிற நரம்புவழி குட்டை. கொஞ்சம் தடுமாறினாலும் சரக்கு போய்ச் சேர்ந்துவிடும். காலுக்குப் போகிற வழி நீளம். கடைசி முனைதான் முதலில் பட்டினி கிடக்கும். ஏரி மதகில் தண்ணீர் குறைந்தால் கடைமடைக் கழனிதானே முதலில் காயும்? காஞ்சிபுரம் ஜில்லாக்காரனுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

அந்த ஒரு எழுத்து ஏன் மாறியது? இங்கேதான் நண்பர்களே, என் இருபத்திரண்டு வயது நாக்கு எனக்குச் சுட்டது. காரணம் ஒன்றுமில்லை! தாய் தகப்பனிடமிருந்து நமக்கு வருகிற ஒவ்வொரு பிரதியும் சுமார் 300 கோடி எழுத்து. இவ்வளவையும் படியெடுக்கும்போது எங்கேயாவது பிழை விழத்தான் செய்யும். பிறக்கிற ஒவ்வொரு குழந்தையும் அப்பா அம்மாவிடம் இல்லாத புதுப் பிழைகளைப் பத்துக்கணக்கில் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. உங்களிடம் இருக்கிறது. என்னிடம் இருக்கிறது. நம்முடையது விழக்கூடாத இடத்தில் விழவில்லை, அவ்வளவுதான். அவன் குடும்பத்தில் என்றைக்கோ, யாருக்கோ, விழக்கூடாத இடத்தில் விழுந்துவிட்டது. வேப்ப மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

காரணமே இல்லாமல் ஒருத்தன் கஷ்டப்படுகிறான் என்பதை நம்மால் தாங்க முடிவதில்லை. ஏன் தெரியுமா? நாமெல்லோரும் பிறவிக் கணக்குப்பிள்ளைகள்!

முதல் வருட பி.காம். பாடம் இது. ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கூட்டினால் டேலி ஆக வேண்டும். ஆகவில்லை என்றால்? வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒரு தலைப்பில் தூக்கிப் போட்டுவிட்டு, அப்போதைக்குக் கணக்கைச் சரிக்கட்டிவிடலாம். பிழை கிடைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஒருத்தன் கால் விறைத்துவிட்டது. பற்றுப் பக்கம் எழுதியாச்சு. எதிரே என்ன எழுதுவது? அவன் குடிகாரன் இல்லை, யார் சொத்தையும் அபகரிக்கவில்லை, மூட்டை தூக்கிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவன். டேலி ஆகவில்லையே! உடனே "முன்ஜென்ம பாவம்" என்று எழுதிவிடுகிறோம். நம்மிடம் இருப்பதிலேயே பெரிய சஸ்பென்ஸ் அக்கவுண்ட் அதுதான். யாராலும் தணிக்கை செய்ய முடியாது.

அப்படி எழுதிவிட்டால் நமக்கு இரண்டு லாபம். ஒன்று, பயம் போய்விடுகிறது. அவன் பாவம் செய்தான், அவனுக்கு வந்தது. நான் செய்யவில்லை, எனக்கு வராது. இரண்டாவது, கடமையும் போய்விடுகிறது. அவன் கடனை அவன் கழிக்கிறான், நடுவில் நான் எதற்கு?

*

பல்லக்கு என்றதும் உங்களுக்கு ஒரு திருக்குறள் ஞாபகம் வந்திருக்கும். அறன் வலியுறுத்தல் அதிகாரத்தில், 37வது குறள். பல்லக்கைச் சுமப்பவனும் அதில் ஏறிப் போகிறவனும் அதில் வருகிறார்கள். ஒரே ஒன்றே முக்கால் அடிக்கு இரண்டு எதிரெதிரான பொருள் சொல்கிறார்கள்.

பரிமேலழகர் வழி ஒன்று. அறத்தின் பயன் என்ன என்று நூலைக் காட்டி விளக்க வேண்டியதில்லை. பல்லக்கு தூக்குகிறவனையும் அதில் போகிறவனையும் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது அவர் பொருள். அதாவது, அறம் செய்தவன் மேலே, செய்யாதவன் கீழே.

இன்னொரு வழி இதற்கு நேர் எதிர். ஒருத்தன் சுமக்க ஒருத்தன் சவாரி போகிறான், அவர்கள் நடுவில் போய் நின்றுகொண்டு இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே, என்று அந்தக் குறளைப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

எது சரி என்று சொல்ல எனக்குத் தமிழ்ப் புலமை போதாது. ஆனால் எது என் தோழன் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடியது என்று தெரியும்.

உங்களில் சிலர் கேட்பீர்கள். கர்மா என்கிற நம்பிக்கை எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருக்கிறதே, அதைப் பிடுங்குவது நியாயமா? நியாயமான கேள்வி. என் தோழனின் அம்மாவே, "நான் வாங்கி வந்த வரம்" என்று சொல்லித்தான் முப்பது வருஷம் அந்த மனுஷனைத் தூக்கி நிறுத்தி, குளிப்பாட்டி, சோறு போட்டார். அந்த வார்த்தை இல்லாவிட்டால் அவர் உடைந்துபோயிருப்பார். அவரிடம் போய் கைனசின் பாடம் நடத்த எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது.

ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். "என் விதி" என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டால் அது ஆறுதல். அதே வார்த்தையை இன்னொருத்தரைப் பற்றி நாம் சொன்னால் அது தீர்ப்பு. அந்தம்மா தன் தோளில் இருந்த சுமைக்குச் சும்மாடு கட்டிக்கொண்டார். நான் டீக்கடையில் உட்கார்ந்து அந்தச் சுமைக்கு மேலே ஒரு கல்லை வைத்தேன்.

*

போன ஐப்பசியில் தோழன் போன் செய்தான். அவனுக்கு ஒரே பெண். 24 வயது. நர்சிங் படித்துவிட்டு வேலைக்குப் போகிறாள். வரன் வந்திருக்கிறது, நல்ல இடம்.

"சொல்லணுமாடா, வேணாமாடா?" என்றான்.

எனக்கு உடனே புரியவில்லை.

"அந்த ரிப்போர்ட்டத்தான். பொண்ணுக்கும் வர்றதுக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ் இருக்குதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. மாப்ள வீட்ல சொல்லிட்டா எவன் கட்டுவான்? சொல்லாம வுட்டா துரோகம். நீ படிச்சவன், நீ சொல்லு."

பாதிக்குப் பாதி என்பது உண்மைதான். நம் ஒவ்வொருவருக்கும் இந்த மரபணு இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த நோயில் ஒரு பிரதி கெட்டிருந்தாலே போதும். அப்பாவின் இரண்டில் எது மகளுக்கு வந்தது என்பது பூவா தலையா மாதிரி. தாத்தாவுக்கு விழுந்தது, அப்பாவுக்கு விழுந்தது என்பதெல்லாம் காசுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுண்டலும் புதுசு.

யோசித்து, நியாயஸ்தன் மாதிரி சொன்னேன்: "சொல்லித்தான் ஆகணும்டா. மறைச்சுக் கட்டி வெச்சா நாளைக்கு அந்தப் பொண்ணுதான் பேச்சு வாங்கும்."

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சொன்னான். "நோயின்னு சொல்றதுக்கு எனக்கு பயம் இல்லடா. சர்க்கரை இல்லையா, பிரஷர் இல்லையா, எல்லா வீட்லயும்தான் இருக்குது. சாபம்னு சொல்லுவானுங்க. எங்கப்பாவ சொன்னீங்களே... டீக்கடையில."

இருபத்தைந்து வருடம். அவன் மறக்கவில்லை. திட்டவும் இல்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். "வுடுடா, அப்போ எல்லாரும்தான் சொன்னாங்க" என்றான். எல்லாரும் சொன்னார்கள் என்பது எனக்கு மன்னிப்பு ஆகாது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு நல்ல அப்பனைப் பொய் சொல்லலாமா என்று யோசிக்க வைத்தது அந்த நோய் அல்ல. நாங்கள் டீக்கடையில் பேசிய பேச்சு. நாம் பாவம் என்று சொல்லிப் பழக்கியதால்தான் வீடு வீடாக ரிப்போர்ட்டுகள் பீரோவுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கின்றன. உண்மையைச் சொல்லு என்று அடுத்தவருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னால், அதைக் கேட்கிற காது நமக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?

கதை இதோடு முடியவில்லை. மறுநாள் ஒரு புது நம்பரிலிருந்து போன்.

"சித்தப்பா, நான்தான். நீங்களும் அப்பாவும் என்னைப் பத்திப் பேசினீங்களாமே. சொல்லணும்னு முடிவு பண்ணீங்களாமே."

"ஆமாம்மா, உன் நல்லதுக்குத்தான்..."

"என்னைக் கேட்டீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை.

"பாதிக்குப் பாதின்னா, அது என் உடம்பு சித்தப்பா. டெஸ்ட் எடுக்கறதா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும். தெரிஞ்சுக்கிறதுல எனக்கு என்ன லாபம்? இப்போதைக்கு இதுக்கு மருந்து இல்ல. விறைப்பு குறையறதுக்கு மாத்திரை இருக்கு, எக்சர்சைஸ் இருக்கு, அவ்வளவுதான். நானே ஆஸ்பத்திரியில தினமும் பார்க்கிறேன். கட்டிக்கப் போறவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். அவங்க அப்பாகிட்ட எங்க அப்பா போய்க் கை கட்டிச் சொல்ல வேணாம்."

யோசித்துப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய இரண்டு ஆம்பளைகள் அரை மணி நேரம் போனில் தர்ம நியாயம் பேசினோம். சொல்லலாமா, கூடாதா என்று எல்லாக் கோணத்திலும் அலசினோம். சுமக்கப் போகிறவள் பக்கத்து அறையில் இருந்தாள். அவளைக் கேட்கணும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை!

இது எங்கள் பக்கத்துப் பழைய வியாதி போலிருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு தெரியுமல்லவா? பத்தாம் நூற்றாண்டில், பராந்தகச் சோழன் காலத்தில், குடத்தில் ஓலை போட்டு ஊர்ச்சபைக்கு ஆள் எடுத்த விவரத்தைக் கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை என்கிற விதியைப் படித்து, கணக்குப் படித்தவனாகப் புல்லரித்திருக்கிறேன். அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையும் உள்ளவன் பெயர்தான் ஓலையில் ஏறும். அந்த நிலத்தின் நெல்லைத் தலையில் தூக்கிக் களத்தில் சேர்த்தவனை யாரும் கேட்கவில்லை. ஆயிரம் வருஷம் ஆகியும், சுமப்பவரைக் கேட்காமல் சுமையைப் பற்றி முடிவெடுப்பது நமக்கு இயல்பாகவே வருகிறது.

கைனசினைக் கேட்க முடியாது. அதற்கு மூளை இல்லை, வாய் இல்லை. தான் தூக்குவது மருந்தா விஷமா என்றுகூடத் தெரியாது. காசு கிடைத்தால் அடி வைக்கும். மனுஷனைக் கேட்க முடியும். கேட்கலாம் என்பதுதானே மனுஷனுக்கும் புரதத்துக்கும் உள்ள வித்தியாசம்?

அந்தப் பெண் அந்தப் பையனிடம் நேராகச் சொன்னாள். பையன் யோசிக்கிறேன் என்றான். அவன் வீட்டில் யோசிக்கவில்லை. "சாபம் இருக்கிற குடும்பமாமே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவள் மறுநாள் டியூட்டிக்குப் போனாள். "பரவால்ல சித்தப்பா, சொல்லாம கட்டியிருந்தா இவங்ககிட்டதான மாட்டியிருப்பேன்" என்றாள். குரல் சரியாகத்தான் இருந்தது. ராத்திரி அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

*

இந்தத் தை மாதம் தெப்பத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன். தோழனால் இப்போது பத்தடிக்கு மேல் நடக்க முடியவில்லை. "வாடா, குளத்தாண்ட போலாம்" என்றேன். "கூட்டத்துல எங்கடா" என்று தயங்கினான்.

தெருப் பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தான் ஒருத்தன். நாற்காலிக்கு அடியில் இரண்டு மூங்கிலைக் கொடுத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அவனை உட்கார வைத்துத் தோளில் தூக்கிவிட்டார்கள். கரைக்குப் போகிற வழியில் ஒரு பையனுக்குத் தோள் வலித்தது. நான் உள்ளே நுழைந்து மூங்கிலை வாங்கிக்கொண்டேன். எழுதிப் பிழைக்கிற உடம்பு, நூறு அடியிலேயே மூச்சு வாங்கியது. அதற்குள் இன்னொருத்தன் வந்துவிட்டான்.

அந்த இடத்தில் எனக்கு 37வது குறள் ஞாபகம் வந்தது. சுமக்கிறவர்கள் நாங்கள். மேலே போகிறவன் அவன். ஊர்க் கணக்குப்படி பாவம் செய்தவன் மேலே, ஒன்றும் ஆகாதவர்கள் கீழே. இப்போது சொல்லுங்கள், எங்கள் நடுவில் நின்றுகொண்டு யார் என்ன தீர்ப்பு எழுதுவார்கள்?

தெப்பத்தில் விளக்கு போட்டிருந்தார்கள். கரையில் அவன் மகள் எங்களுக்கு முன்னாலேயே வந்து இடம் பிடித்து வைத்திருந்தாள். இறக்கும்போது நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. எல்லோரும் பதறினோம்.

அவன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மெதுவாடா... நான் ஒண்ணும் சாமி இல்ல, வுழுந்தா வலிக்கும்."